லைப்ரரி ஆர்டர் வராத வருடம்

கேள்வி: என் கணவர் சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இப்போது வேலை பாதிதான் வருகிறது. பதிப்பாளர்களைக் கேட்டால், லைப்ரரி ஆர்டர், அதாவது பொது நூலகங்கள் புத்தகம் வாங்கக் கொடுக்கிற ஆர்டர், இல்லை என்கிறார்கள். நூலகத்துக்குப் பணம் குறைந்தால் எங்கள் பட்டறை ஏன் படுக்க வேண்டும்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான் சகோதரி. கவிதை, ஆய்வு நூல் என்று போடுகிற சின்னப் பதிப்பாளர் ஆயிரம் பிரதி அடிக்கிறார் என்றால், கடையிலும் கண்காட்சியிலும் விற்றே அந்தப் பணத்தை எடுத்துவிடலாம் என்று நம்பி அடிப்பதில்லை. பாதிக்கு மேல் நூலகம் எடுத்துக்கொள்ளும் என்ற தைரியத்தில்தான் பேப்பர் கடையிலும் அச்சகத்திலும் உங்களிடமும் கடன் சொல்கிறார். ஆர்டர் கிடைத்தாலும் மாவட்டம் மாவட்டமாகப் பார்சல் கட்டி அனுப்ப வேண்டும், பணமும் அப்படியே துண்டு துண்டாகத்தான் வரும். அது வந்து சேரும்வரை எல்லோருக்கும் பாக்கி நிற்கும். பேப்பர் கடைக்காரர் பழைய பாக்கி தீராமல் அடுத்த ரீம் தரமாட்டார், அதனால் அவருக்கு முதலில் போகும். பைண்டிங்குக்குக் கடைசியில்தான்.

போன மாதம் திருவல்லிக்கேணியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். சுவரோரம் மடித்த ஃபாரங்கள் (புத்தகப் பக்கங்கள் அச்சான பெரிய தாள்கள்) சணல் கயிற்றில் கட்டி இடுப்பளவு அடுக்கியிருந்தன, மேல் ஃபாரம் வெயில் பட்டுப் பழுப்பேறிவிட்டது. இருநூறு பிரதிக்கு மட்டும் அட்டை போட்டு வாங்கிப்போன பதிப்பாளர், ஆர்டர் வந்ததும் மிச்சத்தைப் போட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வீட்டிலிருந்தபடியே ஃபாரம் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் பட்டறைக்காரர். நாளைக்கே ஆர்டர் வந்தாலும் அந்தக் கைகள் திரும்பி வருமா? எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

கேள்வி: நூலகத்துக்கென்று தனி வரியே கட்டுகிறோமே, அப்புறம் என்ன பணத் தட்டுப்பாடு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நியாயமான கேள்வி. சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் முயன்றதால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அவருடைய அருமையான யோசனை இந்த வரிதான்: நூலகம் ஒவ்வொரு வருடமும் அரசிடம் கையேந்தி நிற்காமல், சொத்து வரியோடு சேர்ந்தே அதற்கான பணம் வந்துவிட வேண்டும். இப்போது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆனால் வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. நடுவில் அந்தப் பணம் நின்றுபோனால் நூலகர் சம்பளத்தையோ கரண்ட் பில்லையோ நிறுத்த முடியாது, கை வைக்க முடிவது புத்தகத்திலும் இதழ்ச் சந்தாவிலும்தான். நீங்கள் வரியை ஒழுங்காகக் கட்டியிருப்பீர்கள், உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புது வரவு அலமாரி மட்டும் போன வருடம் பார்த்த மாதிரியே இருக்கும். வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய், இந்த நூலக வரி முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று வார்டு கவுன்சிலரிடமோ கிராம சபையிலோ கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

கேள்வி: இப்போதுதான் ஐம்பது பிரதிகூட அச்சடிக்க முடிகிறதே, பதிப்பாளருக்கு என்ன கவலை?
- ஒரு மாணவர், கோவை

பதில்: முடியும் தம்பி, ஆனால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறிவிடும், அட்டையில் போடுகிற விலையும் ஏறும். வாங்க முடியாதவர் நூலகத்துக்குத்தான் போவார், அங்கே அந்தப் புத்தகம் இருக்காது.

சென்னைச் சகோதரிக்கு இன்னொன்று: ஆர்டரை நம்பி வருகிற வேலைக்கு, மடிப்புக் கூலியையாவது முன்பணமாக வாங்கச் சொல்லுங்கள். நல்ல பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.