மகன் துபாயில், ஏடிஎம் கார்டு மயிலாடுதுறையில்

கேள்வி: என் மகன் இரண்டு வருடமாக துபாயில் வேலை பார்க்கிறான். அவனுடைய சேமிப்புக் கணக்கின் ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்துதான் எடுக்கிறேன். எனக்கு முடியாதபோது மாப்பிள்ளை போய் எடுத்துவருவார். அவரும் மாதம் 5,000 எடுத்துக்கொள்கிறார். கடை ஓடியதும் தருவதாகச் சொல்கிறார். இப்போது கார்டு காலாவதியாகி, புதியது வந்திருக்கிறது. அதை அனுப்பி வைக்கச் சொல்கிறான் மகன். கூரியரில் பத்திரமாகப் போய்ச் சேருமா? பின் நம்பரையும் எழுதி உள்ளே வைக்கட்டுமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: பின் நம்பரை எழுதவே வேண்டாம், உறைக்குள்ளும் வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம்.

கார்டு வழியில் தொலைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறீர்கள். என் கவலை வேறு. இரண்டு வருடமாக அந்தக் கார்டும் பின் நம்பரும் உங்கள் வீட்டில் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நாமே பகிர்ந்து அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஏற்படும் நஷ்டம் முழுக்க நம்முடையது. நாளை ஏதாவது ஆனால் உங்கள் மகனால் வங்கியிடம் வாதாட முடியாது.

மாப்பிள்ளை கணக்கையும் பாருங்கள். மாதம் 5,000 என்றால் 24 மாதத்துக்கு 1,20,000. இது கடனா, உதவியா என்று யாரும் பேசியதாகத் தெரியவில்லை. மகனுக்கு இது தெரியுமா என்றும் நீங்கள் எழுதவில்லை. உதவுவது தவறில்லை, ஆனால் சம்பாதிக்கிறவனுக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

சரி, அவனுக்கு அங்கே இந்தக் கார்டு எதற்கு? அந்த ஊர்ப் பணமான திர்ஹாமில் சம்பளம் வாங்குகிறவன் ரூபாயாக மாற்றி ஊருக்கு அனுப்புகிறான். அதையே அங்கே ஏடிஎம்மில் எடுத்தால் மறுபடி திர்ஹாமாக மாற வேண்டும். பல வங்கிகளில் 10,000 ரூபாய்க்கு மாற்றுக் கட்டணம் 3.5% வீதம் 350, எடுப்புக் கட்டணம் நூற்றுச் சொச்சம், அதன்மேல் ஜிஎஸ்டி. 500 ரூபாய்க்கு மேல் வீண். நெட் பேங்கிங்குக்காகக் கேட்கிறான் என்றால், அதற்கு முக்கியம் ஓடிபி வரும் சிம். அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அவசரத்துக்காவது கையில் வேண்டும் என்கிறானா? வெளிநாட்டு முகவரிக்கு வங்கியே அனுப்புமா என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து திரும்பும் நம்பிக்கையான நண்பர் கையில் கொடுத்தனுப்புவது அடுத்த வழி. கூரியர்தான் என்றால், கார்டை ஆக்டிவேட் செய்யாமல், வங்கியின் உறையை எடுத்துவிட்டு, இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே ஒட்டி, விரலால் தடவினாலும் தெரியாதபடி அனுப்புங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கவுன்டரில் மறைக்காதீர்கள். கார்டை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். துபாயில் சாதாரணத் தபால் வீட்டு வாசலுக்கு வராது, பி.ஓ. பாக்ஸுக்குத்தான் போகும். அதனால் கட்டடப் பெயர், ஃபிளாட் எண், அவனுடைய அந்த ஊர் மொபைல் எண் மூன்றும் உறைமேல் இருக்கட்டும். கையில் கிடைத்த பிறகு அவனே பின் நம்பரை உருவாக்கி, வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யட்டும். 2020-லிருந்து புதுக் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் வருகின்றன.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக மாற்ற வேண்டும். துபாய்ச் சம்பளத்துக்குத் தனியாக, வெளிநாட்டு வருமானத்தைப் போடும் என்ஆர்இ கணக்கு தொடங்கட்டும். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியிலோ 30 சதவீதத்துக்கு மேல் வரியை (டிடிஎஸ்) முன்கூட்டியே பிடிப்பார்கள்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கச் சொல்வார்கள் யாராவது. பத்து நாள் சுற்றுலா போகிறவருக்கு அது சரி, அங்கேயே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தேவையில்லை.

உங்கள் செலவுக்கு, உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு மாதம் முதல் தேதி தானாகப் பணம் வரும்படி அவனைச் செய்யச் சொல்லுங்கள். மகன் அம்மாவுக்குத் தருவதற்கு வரி கிடையாது. உங்கள் கார்டு, உங்கள் பின், உங்களோடு நிற்கட்டும். பழைய கார்டைச் சிப்பின் நடுவே வெட்டிப் போடுங்கள். மாப்பிள்ளை கேட்டால், "கார்டு இப்போ என்கிட்ட இல்லை மாப்பிள்ளை, தம்பிகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று சொன்னால் போதும்.