மற்ற அம்பயரின் பிழையான தீர்ப்பைத் திருத்தலாமா?

பேஸ்போலில் விதி 8.02 தெளிவாகவே இருக்கிறது. தீர்ப்புச் சொன்னவர் கேட்டால் ஒழிய மற்ற அம்பயர் அதில் தலையிடக் கூடாது. கேட்டுவிட்டாரா, கண்டதை அப்படியே சொல்லிவிட வேண்டும்.

நம் கிரிக்கெட்டிலும் ஏறக்குறைய இதேதான். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மேட்ச் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: கீப்பர் தாழ்வாகப் பிடித்த பந்து தரையில் பட்டதா என்பது சிலவேளை பக்கவாட்டில் நிற்கும் லெக் அம்பயருக்குத்தான் நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்டே ஆகவேண்டும் என்கிறது 31ஆம் சட்டம். கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

சிக்கல், சந்தேகமே வராதவரிடம்தான். 2010இல் அமெரிக்க பேஸ்போல் அம்பயர் ஜிம் ஜாய்ஸ், உண்மையில் அவுட்டான ஓட்டக்காரரை உறுதியாக 'சேஃப்' (அவுட் இல்லை) என்றார். பந்து வீசிய கலராகாவின் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரும் பேஸை எட்டாத ஆட்டம்) கடைசி அவுட்டில் பறிபோனது. அத்தகைய தீர்ப்புகளுக்கு ரீப்ளே வந்தது 2014இல்தான். ரீப்ளே இல்லாத நம் ஊர் மைதானங்களில், "நான் கண்டேன், கேள்" என்பதற்கு ஒரு சைகையை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள்.