அசைகிற புள்ளியும் அசையாத கறையும்

கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 47. ஆறு வருடமாகத் தைராய்டு குறைவு. தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். சிறுவயதிலிருந்தே கண்ணாடி, மைனஸ் நாலரை. மூன்று வாரமாக வலது கண்ணில் கொசு பறப்பதுபோல் கறுப்பாக ஏதோ ஓடுகிறது. என் நாத்தனார் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துப்போனால் தைராய்டும் கெடும், கண்ணில் பூச்சியும் பறக்கும், மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு பொடியைக் குடித்தால் இரண்டும் சரியாகும் என்று அதில் சொல்கிறார்கள். 2,800 ரூபாய் கொடுத்துப் பொடியும் வாங்கியாயிற்று. குடிக்கலாமா டாக்டரம்மா?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பொடியைக் குடிக்க வேண்டாம் அம்மா. மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். இந்தக் கடிதம் என் கைக்கு வரவே ஒரு வாரம் ஆகியிருக்கிறது. இதை அச்சில் படிக்கும்போதும் நீங்கள் இன்னும் கண்ணைக் காட்டியிருக்காவிட்டால், முதலில் கிளம்பிப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். கண்ணுக்குள்ளே நுங்கு மாதிரித் தெளிவான ஒரு கூழ் இருக்கிறது. விட்ரியஸ் என்று பெயர். ஏறக்குறைய 4 மில்லி, அதில் 98 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் மெல்லிய நார்கள்தான் அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைத்திருக்கின்றன. உறைகுத்திய தயிர் நேரமாக ஆக ஓரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே, வயதானால் இந்தக் கூழும் அப்படித்தான் தண்ணீர் விடும். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிபோல் ஆகும். அந்தத் திரியின் நிழல், கண்ணின் பின்சுவரில் படம் பதிகிற விழித்திரையில் விழுவதைத்தான் நீங்கள் கொசு என்கிறீர்கள். பொதுவாக ஐம்பதுக்கு மேல் இந்தக் கூழ் விழித்திரையை விட்டு மொத்தமாகப் பிரியும். மைனஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்குச் சில வருடம் முன்னாலேயே பிரியும். உங்கள் வயதும் பவரும் இதற்குப் பொருந்துகின்றன. தைராய்டு இதைச் செய்யவில்லை.

பிரியும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூழ் எங்காவது அழுத்தமாக ஒட்டியிருந்தால் விழித்திரையை இழுக்கும். அந்த இழுப்பைக் கண் வெளிச்சமாக உணரும். இருட்டில் ஓரத்தில் மின்னல் அடிக்கிறது என்று வருகிறார்களே, அது இதுதான். இழுத்த இடத்தில் கிழிந்தும் போகலாம். புதிதாகப் பூச்சி, மின்னல் என்று வருபவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது கிழிசல் இருக்கிறது. கிழிசலோடு வந்தால் லேசர் வைத்துச் சுற்றிலும் ஒட்டிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அதை விட்டுவிட்டால் கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி விழித்திரை கழன்றுவிடும். அப்புறம் பெரிய ஆபரேஷன். பார்வை முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பூச்சிகள் திடீரென்று கூடினாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புகை சுழல்வதுபோல் தெரிந்தால் கண்ணுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் தைராய்டுக்கு இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைவாக உள்ள பலருக்குக் கண் உலர்ந்துபோகும். கண்ணீர்ப் படலத்தில் பசை நூல்போல் மிதக்கும். அதுவும் பார்வையில் குறுக்கே ஓடும். கண்ணை நாலு முறை நன்றாகச் சிமிட்டிப் பாருங்கள். சிமிட்டியதும் மறைந்தால் அது கண்ணுக்கு வெளியே இருக்கிற பசை. சிமிட்டியும் மறையாமல், கண்ணை ஓட்டினால் கூடவே ஓடி, நிறுத்தியதும் மெதுவாக வழுக்கி இறங்கினால் அது உள்ளே மிதக்கும் திரி.

அட்ரினல் களைப்பு என்று ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்கவில்லை. அட்ரினல் உண்மையிலேயே சுரக்காமல் போகிற நோய் வேறு. லண்டனில் தாமஸ் அடிசன் 1855-இல் அதை எழுதி வைத்தார். உடம்பு கறுக்கும், எடை குறையும், எழுந்தால் தலை சுற்றும், உப்புக்கு நாக்கு ஏங்கும். ரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரிந்துவிடும். அடிசன் நோயாளிகள் சிலருக்குக் கண் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பூச்சி பறக்கிறது என்று வரவில்லை.

அந்தப் பொடியைப் பற்றி எனக்குள்ள பயம் வேறு. அமெரிக்காவில் அட்ரினலுக்கு நல்லது என்று விற்கப்பட்ட 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. லேபிளில் அதெல்லாம் இல்லை. உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்திரையை எப்போதும்போல் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். காபி அரை மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். போன 2,800 போகட்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. தைராய்டு அதிகமாகி ஐந்து மாதமாக மருந்து சாப்பிடுகிறாள். ரத்தத்தில் இப்போது எல்லாம் நார்மல். ஆனால் கண் பெரிதாகிக்கொண்டே போகிறது. மாடிப்படி இறங்கும்போது படி இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். தைராய்டு சரியாகிவிட்டால் கண்ணும் உள்ளே போய்விடுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: தானாகப் போய்விடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தைராய்டைத் தாக்குகிற அதே எதிர்ப்புச் சக்திதான் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பையும் கண்ணை அசைக்கும் தசைகளையும் தாக்குகிறது. நோய் ஒன்று, அது தாக்கும் இடம் இரண்டு. மாத்திரை ரத்தத்தைச் சரி செய்தாலும் கண் தன் போக்கில் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கொதித்துவிட்டுத்தான் அடங்கும். தசை வீங்கி இறுகுவதால்தான் படி இரண்டாகத் தெரிகிறது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு என் அக்கா நினைவுதான் வரும். நான் கண் மருத்துவம் முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. காற்றில் போனால் கண் எரிகிறது, தண்ணீராகக் கொட்டுகிறது என்றாள். உலர்ந்த கண் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். தீர்ந்ததும் இன்னொரு பாட்டில். ஏழு மாதம் இப்படியே ஓடியது. தூங்கும்போது கண் முழுதாக மூடுவதில்லை என்று அத்தான் ஒருமுறை சொன்னார். அதையும் காதில் வாங்கி விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் சித்தி, மூன்று வருடம் கழித்து அக்காவைப் பார்த்தவர், "என்னடி இவ, எதையோ பார்த்துப் பயந்தவ மாதிரியே முழிக்கிறா?" என்றார். அப்போதுதான் நான் நிமிர்ந்து என் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. கீழே பார்க்கச் சொன்னேன். கண் இறங்கியது, மேல் இமை பின்தங்கி நின்றது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120. தினம் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது என்பதற்கு என் படிப்பும் விலக்கில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதிலிருந்து யார் வந்தாலும் பழைய போட்டோ கேட்கிறேன். பெரும்பாலும் பர்ஸிலிருந்து வாக்காளர் அட்டை வரும். படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. சாதாரணமாக மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருக்கும். அட்டையில் அப்படி மூடியிருந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தில் மூடவில்லை என்றால் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். உங்கள் கல்யாண ஆல்பத்தில் மனைவி நேராகப் பார்க்கும் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். குங்குமச் சிமிழைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு சிவப்பாகவும் மற்றதில் வெளிறியும் தெரிந்தால் பார்வை நரம்பு நெருக்கப்படுகிறதோ என்று பார்க்க வேண்டும். இந்த நோயாளிகளில் நூற்றில் ஐந்து பேருக்குத்தான் அப்படி ஆகிறது. ஆனால் ஆகிவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிகிச்சைக்கு நிறைய வழி உண்டு. கொதிப்பு இருக்கும்போது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் நரம்பில் ஸ்டீராய்டு ஏற்றுவது பழகிய முறை. இந்த நோய்க்கென்றே ஒரு ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கொடுத்தார்கள். எல்லாம் அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் துருத்தலுக்கும் மாறுகண்ணுக்கும் இமைக்கும் அந்த வரிசையிலேயே ஆபரேஷன். தைராய்டுக்கு ரேடியோ அயோடின் என்ற கதிர்வீச்சு மருந்து கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கண் இப்படி இருப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணை அது அதிகப்படுத்தலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சிகரெட் பிடிப்பவரா? இந்தக் கண் நோயைப் புகைபோல் மோசமாக்குவது வேறில்லை. மனைவி பிடிக்காவிட்டாலும் அவர் மூச்சு விடுகிற வீட்டில் அந்தப் புகை இருக்க வேண்டாம்.

கேள்வி: வயது 36. ஓசூரில் கம்பெனியில் நைட் ஷிப்ட். பத்து நாளாக இடது கண்ணில் நடுவில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு கறை. அசையவே மாட்டேன் என்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் எழுத்து சின்னதாகத் தெரிகிறது. வேறு நோய் இல்லை. தொடையில் படை இருக்கிறது, மெடிக்கலில் சொல்லி வாங்கிய களிம்பு ஆறு மாதமாகத் தடவுகிறேன். போன மாதம் தோள் வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள்.
- வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, கேட்காமலேயே களிம்பையும் ஊசியையும் எழுதினீர்களே, பாதி வேலை முடிந்தது. படைக்கென்று கடையில் எடுத்துக் கொடுக்கும் களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தோளில் போட்டதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோலின் உறவுதான் இந்த ஸ்டீராய்டு. அட்ரினலுக்கும் கண்ணுக்கும் உண்மையான தொடர்பு எங்கே என்று உடுமலைப்பேட்டை அம்மாவும் பார்க்கட்டும், இங்கேதான் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்ப் படலம் கசிந்து, பார்வையின் மையத்தில் விழித்திரை அப்படி உப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வயது ஆண்களுக்கு அதிகம் வரும். ஸ்டீராய்டு எந்த வழியில் உள்ளே போனாலும் வரலாம்: மாத்திரை, ஊசி, களிம்பு, மூக்கு ஸ்ப்ரே, இழுப்புக்கான இன்ஹேலர்கூட. தூக்கமின்மையும் மன அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானே வடியும். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் தரை டைல்ஸ் கோடுகளைப் பாருங்கள். கோடு வளைவது குறைந்தால் வடிகிறது என்று அர்த்தம். களிம்பை விட்டுவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள். கண் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கண்ணில் பட்டால் பத்தில் மூன்று பேருக்கு அழுத்தம் ஏறும், வலியே இருக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உங்கள் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டே தொடாமல் இந்தக் கறை வந்து, முகம் உருண்டு, வயிற்றில் ஊதா வரிகள் விழுந்து, பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து ஏறினால் ஹார்மோன் டாக்டரிடம் கார்ட்டிசோல் பார்க்க வேண்டும்.

கேள்வி: பறக்கும் பூச்சியைக் கரைக்கச் சொட்டு மருந்து அல்லது பழம் ஏதும் உண்டா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை அம்மா. சில மாதத்தில் திரி கீழே இறங்கிவிடும், மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிடும். படிக்கவோ வண்டி ஓட்டவோ முடியாத அளவு தொந்தரவு இருக்கும் சிலருக்கு மட்டும் கூழையே எடுக்கும் ஆபரேஷன் உண்டு. அதற்குப் பிறகு கண்புரை சீக்கிரம் வரும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: விழித்திரை பார்க்கச் சொட்டு விட்டால் எவ்வளவு நேரம் மங்கலாக இருக்கும்? தனியாகப் போகலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: நாலு முதல் ஆறு மணி நேரம். வெயில் கூசும், குளிர்க்கண்ணாடி எடுத்துப் போங்கள். ஸ்கூட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.