வாசகர் கேள்வி – பதில்: நியாயத்தீர்ப்பு நாளும் நம்முடைய ஆயத்தமும்

விசுவாசப் பிரமாணத்தில் "உயிரோடிருப்பவர்களையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று நாம் அறிக்கையிடும் வரியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: விசுவாசத்தினால் இரட்சிப்பு என்று கற்பிக்கிறீர்கள். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் மரித்தோர் தங்கள் கிரியைகளுக்குத் தக்கதாக நியாயத்தீர்ப்படைந்தார்கள் என்று இருக்கிறது. அந்த வெள்ளைச் சிங்காசனத்தை நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. எதை நம்புவது?

பதில்: சகோதரி, அதே அதிகாரத்தின் 12ஆம் வசனத்தை இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். "புஸ்தகங்கள் திறக்கப்பட்டன" என்று பன்மையில் சொல்லிவிட்டு, ஜீவபுஸ்தகம் என்னும் வேறொரு புஸ்தகமும் திறக்கப்பட்டதாக யோவான் எழுதுகிறார். மனிதர் செய்தவை எல்லாம் முதலில் சொன்ன புஸ்தகங்களில் இருக்கின்றன. ஆனால் 15ஆம் வசனத்தில் கடைசியாகத் தேடப்படுவது ஜீவபுஸ்தகத்தில் ஒருவருடைய பெயர் இருக்கிறதா என்பதுதான். அந்தப் பெயரை நம்முடைய கிரியைகள் எழுதுவதில்லை, கிருபை எழுதுகிறது.

அப்படியானால் கிரியைகளைப் பார்ப்பது எதற்காக என்று கேட்பீர்கள். கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ரோமருக்கு எழுதிய பவுலே, நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும் என்று கொரிந்தியருக்கும் எழுதினார். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். அவருக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. கனி மரத்துக்கு உயிர் கொடுப்பதில்லை, மரத்தில் உயிர் இருந்தது என்பதைக் காட்டுகிறது. கிரியைகள் அன்று சாட்சி சொல்லுமே தவிர, அவை விலை கொடுத்து நம்மை மீட்பதில்லை.

உங்கள் பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் பாரம் அதில்தான் இருக்கிறது. நியாயந்தீர்க்கும் அதிகாரம் முழுவதையும் பிதா குமாரனுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று யோவான் 5:22 சொல்கிறது. அந்தச் சிங்காசனத்தில் இருப்பவருடைய கைகளில் ஆணிகளின் தழும்பு இருக்கிறது. 1563இல் வெளிவந்த, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடை, இந்த உபதேசத்தைக் குறித்துக் கேட்கும்போது, கிறிஸ்து நியாயந்தீர்க்க வருவது உனக்கு என்ன ஆறுதலைத் தருகிறது என்றே கேட்கிறது. முன்பு எனக்காகத் தேவனுடைய நியாயத்தீர்ப்புக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவரே நியாயாதிபதியாக வருகிறார் என்பது அதன் பதிலின் சாரம். அந்தக் கேள்வியில் "ஆறுதல்" என்ற சொல்லை வைத்தவர்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

98ஆம் சங்கீதத்தையும் பாருங்கள். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக ஆறுகள் கைகொட்டுகின்றன, பர்வதங்கள் கெம்பீரிக்கின்றன. பறிபோன நிலத்துக்காகப் படியேறிப் படியேறி ஓய்ந்துபோன விதவைக்கு, தன் வழக்கை ஒருவர் கடைசியாகக் கேட்கப்போகிறார் என்பது நற்செய்தியாகத்தான் இருக்கும். நாம் பயத்தோடு மட்டுமே இதைக் கேட்டுப் பழகியிருப்பது, அந்த விதவையின் இடத்திலிருந்து ஒருபோதும் கேட்டுப் பார்க்காததால்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஆண்டவருடைய வருகையின் நாளைக் கணக்கிட்டுச் சொல்லும் செய்தி ஒன்று எங்கள் ஜெபக்குழுவில் சுற்றுகிறது. வேலையை விட்டுவிட்டு ஜெபத்தில் மட்டும் தரித்திருக்கலாமா என்று சிலர் யோசிக்கிறார்கள்.

பதில்: வேண்டாம், ஐயா. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியாததைக் கைப்பேசியில் வந்த ஒரு செய்தி அறிந்திருக்க முடியாது.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14இல் உள்ள 2300 நாட்களை 2300 ஆண்டுகளாக எண்ணி, ஆண்டவரின் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். அவருடைய இயக்கத்தினர் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே வயலில் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாளும் சூரியன் உதித்தது. அந்த நாளைச் சரித்திரம் "பெரும் ஏமாற்றம்" என்று குறித்து வைத்திருக்கிறது. வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்று சொன்னார், பிறகு அக்டோபர் 21 என்று மாற்றினார், 2012இல் நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். இவர்களை நம்பி இருந்ததை இழந்தவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. அவர்கள் ஆண்டவரை நேசித்ததால்தான் ஏமாந்தார்கள்.

தெசலோனிக்கேயிலும் நாள் வந்துவிட்டதாகச் சொல்லிக் கலங்கினவர்கள் இருந்தார்கள், வேலை செய்யாமல் ஒழுங்கற்றுத் திரிந்தவர்களும் இருந்தார்கள். பவுல் அவர்களுக்குக் கொடுத்த கட்டளை, அமைதலோடே வேலைசெய்து தங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும் என்பது. எஜமான் வரும்போது பாக்கியவான் என்று சொல்லப்படுகிற ஊழியக்காரனும் கூரைமேல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வீட்டாருக்கு ஏற்ற வேளையில் போஜனம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

கேள்வி: மரித்த உடனே நியாயத்தீர்ப்பா, உலக முடிவிலா?

பதில்: சபைகளுக்கிடையே இதில் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டையும் போதிக்கிறது: மரித்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவுக்கும் தனித்தீர்ப்பு, உலக முடிவில் அனைவருக்கும் பொதுத்தீர்ப்பு. தூய ஆன்மாக்கள் கடைசி நாள் வரை காத்திராமல் இறைவனைக் காண்கின்றன என்பதை 1336இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் உறுதிப்படுத்தினார். சீர்திருத்த சபைகளில் பெரும்பாலானவை, சிலுவையில் ஆண்டவர் கள்ளனுக்குச் சொன்ன "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டு, விசுவாசி மரித்ததும் கர்த்தரிடம் சேர்கிறான், நியாயத்தீர்ப்பு கடைசி நாளில் வெளியரங்கமாகும் என்கின்றன. மில்லரின் இயக்கத்திலிருந்து தோன்றிய ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரோ, மரித்தோர் உயிர்த்தெழுதல் வரை நித்திரையில் இருக்கிறார்கள் என்று விசுவாசிக்கிறார்கள்.

முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டால் கடைசி நாள் எதற்கு என்ற கேள்விக்கு, இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கொடுத்த பதில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஒரு மனிதனுடைய செயல் அவனோடு சாவதில்லை. அவன் பிள்ளைகளிலும், அவனைப் பற்றிய பேச்சிலும், அவன் செய்ததன் விளைவுகளிலும் அது தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அதை முழுவதுமாகத் தீர்க்க முடியும் என்றார். ஒரு வீட்டில் விதைத்த பகை மூன்றாம் தலைமுறையில் கதிர்விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: சுவிசேஷத்தையே கேட்காமல் மரித்தவர்கள்?

பதில்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதை நான் பற்றிக்கொள்கிறேன். அறியாமல் செய்தவனுக்குச் சில அடிகள், அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள் என்று லூக்கா 12இல் ஆண்டவர் சொன்னது, கேள்வியை நம் பக்கமாகத் திருப்புகிறது. கேட்டவர்கள் நாம்.

கேள்வி: ஆயத்தமாயிருங்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறேன். தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், உபவாசம் இருக்கிறேன். ஆனால் குடும்பச் சொத்துப் பிரிவினையில் ஏற்பட்ட மனக்கசப்பில் என் அண்ணனோடு ஒன்பது ஆண்டுகளாகப் பேசவில்லை. தவறு அவர் பக்கம்தான். இது ஆயத்தத்தோடு சம்பந்தப்பட்டதா?

பதில்: சம்பந்தப்பட்டது என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தில் அண்ணன் வந்திருக்கமாட்டார்.

மத்தேயு 25இல் பத்துக் கன்னிகைகளின் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். "தீவட்டிகள்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது மூலச் சொல்லுக்குப் பொருந்துகிறது. அந்தக் கிரேக்கச் சொல் பந்தத்தையும் குறிக்கும். துணி சுற்றிய பந்தமாக அதை நினைத்துப் பாருங்கள்: எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தினால் சிறிது நேரம் கொழுந்துவிட்டு எரியும், பிறகு மறுபடியும் எண்ணெய் வார்க்காவிட்டால் துணிதான் கருகும். பத்துப் பேரும் அழைக்கப்பட்டவர்கள், பத்துப் பேரும் தூங்கினார்கள், பத்துப் பேரும் எழுந்து ஒரே மாதிரி தீவட்டிகளை ஆயத்தப்படுத்தினார்கள். மணவாளன் தாமதித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அந்த எண்ணெய் எது என்று சபை பல விதமாக விளக்கியிருக்கிறது. எது என்றாலும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் அதைக் கடன் வாங்க முடியவில்லை. உங்கள் அண்ணனை உங்களுக்காக வேறொருவர் மன்னிக்க முடியாது.

அதே அதிகாரத்தின் முடிவில் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் ராஜா பிரிக்கிறார். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்கிறார். வலது பக்கத்தில் நின்றவர்கள், ஆண்டவரே, எப்பொழுது செய்தோம் என்று வியந்து கேட்கிறார்கள். கணக்கு வைத்துக்கொண்டு செய்தவர்களாக இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஒருமுறை மருத்துவமனையில் ஒரு வயதான அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "முதல்ல ஒரு கடுதாசி எழுதித் தாங்க" என்றார். தங்கைக்கு எழுத வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு முறை அடித்துவிட்டு மாற்றச் சொன்னார், ஏனென்றால் முதலில் சொன்னதில் "நீயும்தான் அப்படிப் பேசினாய்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்த பிறகு கடிதம் நான்கே வரிகளாகிவிட்டது. கை நடுங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்பொழுது ஜெபியுங்கள் என்றார்.

தவறு அண்ணன் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொன்ன ஆண்டவர், தவறு யாருடையது என்று அங்கே விசாரிக்கவில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் முன்பு போய் ஒப்புரவாகு என்றார். ஒப்புரவு என்பதற்காக நீங்கள் சொத்தில் உள்ள நியாயமான உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, அதைப் பெரியவர்கள் முன்னிலையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம். அவர் பதில் தராமலும் போகலாம். அது உங்கள் கையில் இல்லை. அடுத்த உபவாச நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கடிதத்தைச் சொத்து விஷயத்தில் ஆரம்பிக்காமல், "அண்ணா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆரம்பியுங்கள்.