போர்வெல்லில் எரிவாயு வந்தால் நாமே எடுத்து விற்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மன்னார்குடி பக்கத்தில் அப்பா பெயரில் மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அங்கே போர்வெல் தண்ணீரோடு குமிழி வருகிறது. தீக்குச்சி காட்டினால் பற்றுகிறது. சென்னையில் ஒரு கன்சல்டன்ட், அந்த எரிவாயுவை எடுத்து விற்க டெல்லியிலிருந்து ‘துணை உரிமம்’ வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று லட்சம் வாங்கிவிட்டார். இன்னும் ஒன்பது லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் ஒன்று: அந்தக் குழாய்ப் பக்கம் தீக்குச்சி கொண்டுபோகவே வேண்டாம். மோட்டார் ரூம் மூடிக் கிடந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே உள்ளே போகச் சொல்லுங்கள். தாசில்தாருக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். மண்ணுக்குள் மக்கிய தழை, நிலக்கரியிலிருந்தும் மீத்தேன் என்ற எரியும் வாயு வரும். குமிழி வந்தாலே எண்ணெய் வயல் என்று ஆகிவிடாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். பட்டா நம்முடையது, அடியில் இருப்பதும் நம்முடையதுதானே என்று கேட்பீர்கள். அந்தக் கன்சல்டன்ட் 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் காட்டியிருக்கலாம். கேரளத்து ஜன்மி (பரம்பரை நில உடைமையாளர்) நிலங்கள் பற்றிய அந்த வழக்கில், வேறு சட்டம் பறிக்காதவரை நிலத்தடி உரிமை நில உரிமையாளருக்கே என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சொந்தம் என்பது வேறு, தோண்டி எடுக்கும் அனுமதி வேறு. எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவது அரசியல் சட்டத்தின் 7-ஆம் அட்டவணைப்படி மத்திய அரசின் பொருள். எண்ணெய் வயல்கள் சட்டம், 1948-இன்படி, முறையான குத்தகை இல்லாமல் பெட்ரோலியமோ இயற்கை எரிவாயுவோ எடுக்க முடியாது. 2025-இல் வந்த திருத்தம் அதற்குப் ‘பெட்ரோலியக் குத்தகை’ என்று பெயர் வைத்திருக்கிறது.

அந்தக் கன்சல்டன்ட் கொடுத்த காகிதம் என்று நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டாம்ப் பேப்பர், மேலே அசோகச் சக்கரம், கீழே ‘துணை உரிம ஒதுக்கீடு’ என்று ரப்பர் ஸ்டாம்ப். எந்த எரிவாயுப் பரப்பு என்று சொல்லும் தொகுதி (பிளாக்) எண் இல்லை, அமைச்சகக் கோப்பு எண்ணும் இல்லை. எரிவாயு எடுக்க அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனமே தன் பங்கை இன்னொருவருக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும். அப்படி இருக்கும்போது இவர் எதைப் பிரித்து உங்களுக்குத் தருவார்?

உண்மையான வழி நீளமானது. 2016-இல் வந்த ஹெல்ப் (HELP) என்ற எண்ணெய், எரிவாயு தேடல் உரிமக் கொள்கைப்படி, நொய்டாவில் உள்ள ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) தலைமை இயக்குநரகத்தின் தரவுக் களஞ்சியத்தைப் பார்த்து, ஒரு பரப்பைக் குறித்து விருப்பம் தெரிவிக்கலாம். ஆனால் கேட்டவருக்கே கிடைத்துவிடாது. அது ஏலத்துக்குப் போகும். கேட்பவரின் நிகர சொத்து மதிப்பு, தொழில்நுட்பத் தகுதி, வங்கி உத்தரவாதம், வருவாயில் அரசுக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் பார்ப்பார்கள். ஜெயித்த பிறகு மத்திய அரசோடு ஒப்பந்தம். நிலப்பகுதி என்றால் மாநில அரசிடம் குத்தகை. அப்புறம் சுற்றுச்சூழல் அனுமதி. மூன்று ஏக்கருக்கு நடக்கிற வேலை இல்லை இது.

இதையெல்லாம் தாண்டினாலும் உங்கள் ஊரில் முடியாது. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020, திருவாரூர் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு, மீத்தேனுக்காகப் புதிதாகத் துளையிடுவதைத் தடை செய்கிறது. மன்னார்குடி மீத்தேன் திட்டத்தையும் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலின் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் எதிர்த்து ஜனங்கள் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்ததால் வந்த பாதுகாப்பு அது. உங்கள் நஞ்சைக்கும் அதுதான் காவல். அதைச் சுற்றிப் போக வழி தேடிக்கொடுக்க எனக்கு மனமில்லை. முன்பே நடந்துவரும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தர உங்கள் பட்டறையால் முடியும் என்றால், மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் காரைக்கால் அலுவலக டெண்டர்களைப் பாருங்கள். அது நேர்மையான வழி.

இப்போது பணம். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318-ஆம் பிரிவு, அந்தக் காகிதம் போலி என்றால் 336-ஆம் பிரிவும் சேரும். சிவில் வழக்குக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸப் பேச்சு, அந்த ஸ்டாம்ப் பேப்பரின் அசல் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். “வேறு மாற்றித் தருகிறேன்” என்று அவர் கேட்டாலும் அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.