பூஜ்யத்துக்கு இரண்டு வழி

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் கர்னலுக்கு ஒரு சிறு டிரைவர் எழுதினேன். டிவைஸ் ட்ரீயின் (கணினியிலுள்ள வன்பொருள்களை மர வடிவில் விவரிக்கும் பட்டியல்) பிள்ளை நோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப்பின் நடுவில், பிழை வந்தால் அப்படியே ரிட்டர்ன் செய்துவிடுகிறேன். அதற்கு முன், நோடைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும் 'ஆஃப்_நோட்_புட்' அழைக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நோடு கணினியை அணைக்கும்வரை இருக்கப்போவதுதானே? எண்ணிக்கை ஒன்று கூடுதலாக நின்றால் என்ன கெட்டுவிடும்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஓடும்போதே டிவைஸ் ட்ரீயை மாற்றும் வசதி இல்லாமல் கட்டிய கர்னலில் அந்த ஃபங்ஷனுக்குள் ஒன்றுமே கிடையாது. அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் உங்கள் டிரைவர் அந்த வசதியுள்ள கர்னலிலும் ஓடும். அங்கே ஓவர்லேயை (ஓடும்போது சேர்த்த டிவைஸ் ட்ரீத் துண்டு) நீக்கும்போது கணக்கு உதைக்கிறது என்று லாகில் பிழைச்செய்தி விழும்.

எண்ணிக்கை பூஜ்யமானால் கர்னல் அந்தப் பொருளின் மெமரியை விடுவித்துவிடும். அதனால் எண்ணிக்கை குறைந்தால்தான் ஆபத்து, கூடினால் கொஞ்சம் மெமரி வீண், அவ்வளவுதான் என்று நினைக்கிறீர்கள். பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99999 கழிந்தால் மறுபடி 00000.

2016 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2016-0728 என்ற கர்னல் பாதுகாப்புக் குறைபாடு இந்தக் கதைதான். ஒரு புராசஸ் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் கீரிங்கையே (ரகசியச் சாவிகளைக் கர்னல் வைத்திருக்கும் கொத்து) பெயர் சொல்லி மறுபடி கேட்டால், கர்னல் அதைத் தேடி எடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். 'அதேதான் இருக்கிறதே' என்று திரும்பும் வழியில் குறைக்க மறந்துவிடும். எண்ணிக்கை 32 பிட். சுமார் 429 கோடி முறை கேட்டால் சுற்றிவந்து பூஜ்யம். சாதாரணப் பயனருக்கே இது முடியும். அன்றைய லேப்டாப் ஒன்றில் அரை மணி நேர வேலை. பூஜ்யம் கண்ட கர்னல் கீரிங்கை விடுவித்துவிடும், புராசஸோ அதே முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை நிரப்பியவர் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர், ஆகிவிடலாம். 3.8 பதிப்பிலிருந்து இருந்த பிழை. திருத்தம் ஒரே வரி: எண்ணிக்கையைக் குறைக்கும், விட்டுப்போன 'கீ_புட்'.

மறுவருடம் 4.11-இல் இத்தகைய எண்ணிக்கைகளுக்கென்றே 'ரெஃப்கவுன்ட்_டி' என்ற வகை வந்தது. எல்லை தாண்டினால் இது சுற்றிவராது. உச்சியிலேயே உறைந்து நிற்கும், அந்தப் பொருள் பிறகு விடுவிக்கப்படவே படாது. கசிந்தால் கசியட்டும் என்ற முடிவு இது, எனக்கு உடன்பாடுதான். உங்கள் நோடின் எண்ணிக்கையும் அடியில் இந்த வகையே. ஆகவே உங்கள் டிரைவரால் எவரும் ரூட் ஆகிவிடப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

உங்களை ஏமாற்றியது அந்த லூப் மேக்ரோ. அடுத்த நோடுக்கு நகரும்போது முந்தையதன் பிடியை அதுவே விட்டுவிடுகிறது. நடுவில் வெளியேறினால் கையில் இருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. படிக்கும் கண்ணுக்கு இது தெரியாது. நானே பலமுறை தவறவிட்டிருக்கிறேன். 2024 முதல் இந்த மேக்ரோவுக்கு 'ஸ்கோப்ட்' என்று முடியும் வடிவம் இருக்கிறது. லூப்பிலிருந்து எப்படி வெளியேறினாலும் கம்பைலரே விடுவிக்கும். உங்கள் பிழைத் தடத்துக்கு அதுவே போதும். நோடையே ரிட்டர்ன் செய்யும் ஃபங்ஷனில் மட்டும் அதை அப்படியே போடாதீர்கள். அழைத்தவர் கைக்குப் போய்ச் சேரும்முன் பிடி விட்டிருக்கும்.