அம்பாசிடர் பின் டிஃபரன்ஷியல்: பிரிப்பதா, விடுவதா? கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, 84 மாடல் அம்பாசிடர். அறுபதைத் தொட்டால் பின்னால் ஊளைச் சத்தம். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் பெட்டியைப் பிரித்து எல்லாம் மாற்றணும் என்கிறார் மெக்கானிக். செய்யட்டுமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. நாங்குநேரி நாலுவழிச் சாலையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அறுபதில் ஓட்டுங்கள். மிதித்தால் ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம் என்றால், உள்ளே இருக்கிற பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனைச் சந்தேகப்படலாம். ரெண்டுக்கும் ஒரே உறுமல் என்றால் முதலில் டயரையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். அப்புறம் ஆயிலைச் சூட்டோடு இறக்கி, வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். விரலில் சாம்பல் நிற மசியாக வந்தால் வயசுத் தேய்மானம்தான், நகத்தால் எடுக்கிற அளவுக்கு இரும்புச் சில்லு கிடந்தால் உடனே பிரிக்கணும். முன்னாலிருந்து வரும் நீள ஷாஃப்ட் மாட்டுகிற பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆடுகிறதா? அப்போதும் பிரிக்கத்தான் வேண்டும், பேரிங் போய்விட்டது. இதெல்லாம் இல்லாமல் வெறும் ஊளை என்றால் புது ஆயில் மாற்றி ஓட்டுங்கள். வருஷக்கணக்காக ஒன்றோடொன்று பழகின பல் அது, திரும்பப் பூட்டும்போது இடைவெளியைச் சரிசெய்ய வைக்கிற ஷிம் தாள் கனம் மாறினாலும் முன்னைவிட அதிகமாகக் கத்தும். அம்பாசிடர் செய்த உத்தரபாரா ஆலையில் 2014-ல் உற்பத்தியே நின்றுவிட்டது, நல்ல ஜோடி தேடி அலைய வேண்டியிருக்கும்.

வள்ளியூர்: பினியன் பல் உடைந்திருக்கிறது. பழைய சாமான் கடையில் பினியன் மட்டும் கிடைக்குது, போடலாமா?

பதில்: கூடாது. கிரவுனும் பினியனும் ஒன்றாகத் தேய்த்துச் சேர்த்த ஜோடி. பொறித்திருக்கும் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ரெண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

சங்கரன்கோவில்: நேரே போனால் சத்தமில்லை, வளைவில் மட்டும் கடகட.

பதில்: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரமான ஸ்டார் பினியன் வளைவில்தான் தன் அச்சில் சுழலும். அதையும் அதன் வாஷரையும் பாருங்கள், கிரவுனை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தென்காசி: கெட்டியான 140 கிரேடு கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாமே?

பதில்: சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது.

அம்பாசமுத்திரம்: நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணாச்சி. அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிக்கு 140தான், காரையாறு மலை ஏறி இறங்குது, ஒன்றும் ஆகலை.

பதில்: டப்பாவில் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தர முத்திரை இருந்தால், நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயிலில் தப்பில்லை. சத்தத்தை மறைக்க ஊற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இந்தக் கிரவுன்-பினியன் ஹைப்பாய்டு வகை. பினியன் கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் பல் மேல் பல் வழுக்கிக்கொண்டே சுழலும், அந்த இடத்தைக் கெட்டித்தன்மை மட்டும் காப்பாற்றாது, ஆயிலில் கலந்திருக்கும் இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) மருந்தும் வேண்டும்.

அம்பாசமுத்திரம்: சரி, அது இருக்கட்டும். சத்தத்தை மறைக்க டிஃபரன்ஷியலுக்குள் வாழைப்பழம் போட்டு வண்டியை விற்கிறார்களே?

பதில்: அது பச்சை ஏமாற்று, மரத்தூளும் அப்படித்தான். பழைய வண்டி பார்க்கப் போனால் ஆயில் ஊற்றும் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். நாரோ தூளோ ஒட்டினால் விலையே பேசாமல் வந்துவிடுங்கள்.

களக்காடு: அறுபதில் ஊளை. பிரிக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

பணகுடி: கிரவுன் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது, போதாது. ஜோடி என்று மேலேயே சொல்லியாச்சு.

சேரன்மகாதேவி: பத்மினி காரில் ரெண்டாம் கியர் தெறிக்குது.

பதில்: அது கியர்பாக்ஸ். அதில் கை தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

கடையம்: பின் டிரம்முக்குள் ஆயில் கசியுது. டிஃபரன்ஷியல் போச்சா?

பதில்: போகலை. ஹவுசிங் மேலே இருக்கிற, காற்று வெளியேறும் துளையான பிரீதரில் மண் அடைத்திருந்தால், சூட்டில் அழுத்தம் கூடி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்து சீலை மாற்றுங்கள். ஆயில் குடித்த பிரேக் லைனிங்கைக் கழுவிக் காய வைத்து மாட்டாதீர்கள், புதுசு போடுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம்.